ஒருக்களித்த உறக்கம்

விடிந்து பார்த்தபோது சைனப் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ராத்திரி நிலோபர் அவளைக் கதவுப் பக்கமாக முகம் வைத்துத்தான் படுக்க வைத்திருந்தாள்.

எட்டு வயதாகியும் அந்தப் பிள்ளையால் தானாகப் புரள முடியாது. பிறவியிலேயே மூளைவாதம். தூக்கத்தில் கால்கள் கத்திரிபோலப் பின்னிக்கொண்டு விறைக்கும், வலியில் முனகுவாள். ராத்திரிக்குப் பலமுறை நிலோபர் எழுந்து கால்களைப் பிரித்து, நீவி, மறுபக்கம் புரட்டிவிட வேண்டும். புருஷன் சிராஜ் சவுதியில். சிம்மக்கல்லில், கீழே வத்தல் மண்டியும் மேலே ஒற்றை அறையுமான அந்த வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும்தான். இருட்டில் விழித்துக் கிடந்து கிடந்து, அவளுக்குத் தன் மூச்சுச் சத்தமே துணையாகிப் போயிருந்தது.

அரைத்தூக்கத்தில் தானே புரட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து விடியும்வரை தூங்கிய சுகத்தில் அந்தக் கேள்வி கரைந்துபோனது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். போனில் சிராஜ் கேட்டான்.

“குரல் தெளிவா இருக்கே. தூங்குனியா?”

“மூணு நாளா நல்லாத் தூங்குறேங்க. புள்ளையும் அழுகல.”

“அப்ப அவளை யாரு பொரட்டிப் போடுறா?”

நிலோபர், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று குளிப்பாட்டும்போது பிள்ளையின் கெண்டைக்காலில் எண்ணெய் பிசுபிசுத்தது. வீட்டு எண்ணெய் இல்லை. ஈர மண்ணும் மக்கிய துணியும் கலந்ததுபோல ஒரு வாடை.

“யாரும்மா நீவிவிட்டா?”

சைனப்புக்குப் பேச்சு வராது. நிலோபரின் தோளைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தாள்.

கதவைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு யார் வீட்டுக்காவது போயிருக்கலாம். ஆனால் பாயை உதறி விரித்ததும் உடம்பு அந்தத் தூக்கத்துக்கு ஏங்கியது. “யாரா இருந்தா என்ன,” என்று இருட்டைப் பார்த்து முணுமுணுத்தாள். “இன்னைக்கும் வந்து பாத்துக்க.”

விளக்கணைத்துக் கண்மூடிக் கிடந்தாள். கீழே மூட்டை இறக்கும் சத்தம் ஓய்ந்து, வைகைப் பாலத்தில் போன லாரியின் இரைச்சலும் தேய்ந்து, தொண்டையைக் கமறும் வத்தல் நெடியை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு அந்த ஈர வாடை அறைக்குள் பரவி, அவள் கால்மாட்டில் வந்து நின்றது.

கதவு திறக்கவில்லை. காலடி கேட்கவில்லை.

துணி உரசும் ஒலி. சைனப்பின் நிம்மதியான பெருமூச்சு. முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுக்கும் சத்தம்.

எழ நினைத்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. நாக்குகூட அசையவில்லை.

தட்டல் நின்றது.

குளிர்ந்த இரண்டு உள்ளங்கைகள் அவள் தோளுக்கடியில் நுழைந்தன. பொறுமையாக, பழகிய பக்குவத்தோடு, அவளைப் புரட்டி, மகளுக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்தன. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டன.

பின்னால் பிள்ளை சிரித்தாள். பிறகு முதன்முதலாக, பிசிறில்லாமல் ஒரு வார்த்தை.

“அம்மா.”

“இந்தா வாரேன், தங்கம்.”

நிலோபரின் குரல்தான். அவள் வாய் மூடியே இருந்தது.