செங்கொண்டைக் குதிரையின் கடைசி நாள்

காலை ஆறு மணிச் செய்தியில், தங்க விலைக்கும் மழை நிலவரத்துக்கும் நடுவே, அன்று மாலைக்குள் அற்றுப்போகவிருந்த உயிரினங்களின் பட்டியலை வழக்கம்போல வாசித்தார்கள். மொத்தம் பதினொன்று. அசாமில் ஒரு தவளை, நீலகிரியில் இரண்டு வண்டுகள் என்று நீண்ட பட்டியலில் ஒன்பதாவதாக வந்தது வெள்ளிமுனைக் குடாவின் செங்கொண்டைக் குதிரை என்னும் குட்டிக் கடல்குதிரை. மாலை ஆறு பன்னிரண்டு வரை அவகாசம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, மழைக்குப் போய்விட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஊர் இட்லிக்குச் சட்னி அரைத்தது.

இதில் யாருக்கும் வருத்தமில்லை. சட்டம் வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. பூமியிலுள்ள ஒவ்வோர் உயிரினமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது இனமறியின் கண்ணில் பட்டாக வேண்டும். தேங்காய் அளவு இயந்திரம் அது. காட்டில் பறக்கும், கடலில் நீந்தும். பார்த்த உயிரைத் தன்னிடமுள்ள படங்களோடு ஒப்பிட்டு, 'இருக்கிறது' என்று முத்திரை குத்தும். கண்ணில் படாத இனத்தின் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்காக ஒதுக்கிய இடம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். மனிதர் பார்த்தோம் என்று சொன்னால் செல்லாது. இடத்தைக் காப்பாற்ற, இல்லாத புலியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் அவ்வளவு பேர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், இனமறி விசாரிப்பதே மெய்.

பிரகாசி மச்சாடோ அந்தக் குதிரையை அந்த வாரத்தில் மட்டும் நான்கு முறை பார்த்திருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. படகு எதுவும் வைத்துக்கொள்ளாமல், கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் போகிறவள். முதுகில் செவுள்பை இருக்கும். கடல்நீரிலிருந்தே காற்றைப் பிரித்துத் தருவதால் பழைய காலத்து இரும்பு உருளையைச் சுமக்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். இரண்டு ஆள் ஆழத்தில் கடற்புல் வெளி தொடங்கும். அங்கே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்தாள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போவாள். ஒரு முழம் நகர அரைமணி நேரம் ஆகும். அவள் தேடுவது விரல் நகத்தளவு உயிர். அதைவிட வேகமாகப் போனால் ஒன்றும் தெரியாது.

குடாவுக்கு வெளியே இரண்டு மண்கொட்டிக் கப்பல்கள் மூன்று நாளாக நங்கூரம் போட்டு நின்றன. ஆறு பன்னிரண்டு தாண்டினால் குடாவைத் தூர்க்கலாம். விண்சரக்கு இறங்குதளம் வரப்போகிறது.

மதியம் உயிரினப் பதிவகத்திலிருந்து செண்பகராமன் வந்தான். சேலத்துக்காரன், நல்லவன், கடலைக் கண்டால் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறவன். கையில் இனமறி இருந்தது.

"அக்கா, நீங்க சொன்ன இடத்துக்குப் போன செவ்வாய்க்கிழமையே இது போயிருக்கு. மூணு விநாடி பாத்திருக்கு. 'கடற்புல்'னு எழுதியிருக்கு."

"மூணு விநாடி பாத்தா ஒம்ம பொஞ்சாதி மொகங்கூடத்தான் தெரியாது. அந்தப் புல்லுலதான் சார் அது வாலைச் சுத்திக்கிட்டு நிக்கி."

"இதுகிட்ட இருக்கிற படத்தைப் பாருங்க. இப்படித் தெரிஞ்சாத்தானே அது ஒத்துக்கும்?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் முப்பது வருடத்துக்கு முன்னால் முக்குளித்த சுற்றுலாக்காரர்கள் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் கருமணலின் மேல் தனியாக, உச்சந்தலையில் சிவப்புக் கொண்டை விரித்து, தீக்குச்சி போல நிமிர்ந்து நின்றது குதிரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எடுத்தவர்களுக்குப் பரிசெல்லாம் கிடைத்திருக்கும்.

பிரகாசி திரையருகே குனிந்தாள். பல படங்களின் ஓரத்தில் ஒரு கம்பி முனை தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தது. அது அவளுடைய கை.

அப்போது அவள் வழிகாட்டி. விருந்தாளிகளுக்குப் புல்லுக்குள் இருக்கும் குதிரை பிடிக்காது, பின்னணி சரியில்லை என்பார்கள். அவள் கம்பியால் மெல்லத் தள்ளித் தள்ளி அதைக் கருமணலுக்குக் கொண்டுவருவாள். இன்னொரு தட்டுத் தட்டினால் பயத்தில் கொண்டை எழும்பும். பச்சையாக இருந்தது சிவப்பாகிவிடும். 'சூப்பர்' என்று கட்டைவிரலைக் காட்டுவார்கள். நாலாம் வருடம்தான் அவளுக்குப் புத்தி வந்தது. கொண்டை எழும்பிய எதுவும் மறுநாள் அந்த இடத்தில் இருந்ததில்லை. மறைவு போய், நிறம் போய், வெட்டவெளியில் நிற்பதை மீன் விடுமா? கம்பியை அன்றைக்கே வீசிவிட்டாள். ஆனாலும் அந்தக் கணக்கு அவள் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

"அக்கா," என்றான் செண்பகராமன், குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னதா இருக்க வேணாம். ஒரே ஒரு தட்டு. கொண்டை எழும்பும், இது முத்திரை குத்தும், உங்க குடா தப்பிச்சிடும். அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை."

"வயித்துப் பை நெறைய முட்டையோட நிக்கி சார் அது. நான் பாத்தவரைக்கும் மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். உசுரோட இருக்குன்னு காட்டுததுக்கு அதைச் சாவடிக்கணுமா?"

"அப்ப குடா போயிடுமே!"

"போவாது. இதை என்கிட்ட குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குப் புரிவதற்குள் அவள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள்.

இனமறியைத் தடுத்து நிறுத்தினால் மூன்று மாதம் சிறை. எங்கும் மூன்று விநாடிக்கு மேல் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போவதுதான் அதன் வேலை. பிரகாசி அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, குறிப்பிட்ட ஒரு புல்தாளுக்கு எதிரே முழங்காலை மணலில் ஊன்றினாள்.

"கடற்புல்," என்றது இனமறி. "பணி முடிந்தது. விடவும்."

"பாரு," என்றாள் பிரகாசி, செவுள்பையின் முகமூடிக்குள்ளிருந்து.

"கடற்புல். விடவும்."

"பாருன்னா பாரு. ஒனக்கு என்ன அவசரம்? எந்தக் கல்யாணத்துக்குப் போவணும்?"

காதோரம் இருந்த பேசியில் செண்பகராமன் கரையிலிருந்து கதறினான். "அக்கா, விட்டுடுங்க, கேஸ் ஆயிடும்!"

"ஆவட்டும்."

இயந்திரம் முண்டியது. அவள் விடவில்லை. தோள்பட்டை வலித்தது, விரல்கள் விறைத்தன. ஐந்து மணியானது. ஐந்தரையானது. மேலே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. புல்தாள் அலைக்கு ஆடியது, கூடவே அதில் ஒட்டியிருந்த இன்னொரு துணுக்குப் புல்லும் ஆடியது. அவ்வளவுதான். தப்புச் செய்துவிட்டோமோ, ஒரு தட்டில் முடிந்திருக்குமோ என்று அவள் மனசும் ஆடியது. அவள் மனுஷிதானே? ஆனாலும் கையை நீட்டவில்லை.

ஐந்து ஐம்பத்தாறுக்கு அந்தத் துணுக்குப் புல்லில் ஒரு கண் முன்னே பார்த்தது, இன்னொரு கண் பின்னே பார்த்தது. பக்கத்தில் போன இறால் குஞ்சு ஒன்று 'லபக்'கென்று காணாமல் போனது.

இனமறி முண்டுவதை நிறுத்தியது.

"திருத்தம். இது புல் அன்று. புல் இரை எடுப்பதில்லை."

பிரகாசி பிடியைத் தளர்த்தாமல் சொன்னாள்: "செங்கொண்டைக் குதிரைன்னு சொல்லு."

"இல்லை. கொண்டை விரியவில்லை. சிவப்பு இல்லை. நிமிர்ந்து நிற்கவில்லை. கருமணலில் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றோடும் பொருந்தவில்லை. இது இதுவரை எவரும் காணாத உயிர். புதிய இனமாகப் பதிகிறேன்."

புதிய இனத்துக்குச் சட்டம் தாராளமானது. அது கிடைத்த இடத்தை இருபத்தைந்து வருடம் யாரும் தொடக் கூடாது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு 'வெள்ளிமுனைப் புல்குதிரை' பிறந்தது. ஆறு பன்னிரண்டுக்குச் செங்கொண்டைக் குதிரை செத்தது. ஆறரைக்கு மண்கொட்டிக் கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கின.

நடுங்கிக்கொண்டு கரையேறியவளுக்குச் செண்பகராமன் துண்டைக் கொடுத்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உண்மையைச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

"எனக்கு என்ன சார் தெரியும்? மனுசக் கண்ணு. மிசினு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் வெகுநேரம் சிரித்தான். சிறைக்கு எழுதவேண்டிய படிவத்தை எழுதவில்லை.

பிறகு நடந்ததுதான் பிரகாசி எதிர்பாராதது. மறுநாள் இனமறி எடுத்த புல்குதிரையின் படத்தைப் பதிவகம் உலகத்துக்கெல்லாம் வெளியிட்டது. நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் 'எங்கே இருக்கிறது?' என்று கேட்டார்கள். மீதிப் பேர் அதுகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். புல்தானே.

ஆனால் செங்கொண்டைக்காக உலகமே அழுதது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் கோடிக்கணக்கான கைகளில் சுற்றின. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரை எழுதினார்கள். சிவப்புக் கொண்டை வைத்த தொப்பிகள் விற்றுத் தீர்ந்தன. 'உன்னைக் காப்பாற்றத் தவறிவிட்டோம்' என்று மெழுகுவத்தி ஏற்றியவர்களில் ஒருவர்கூட அதற்கு முந்தைய நாள் வரை அப்படி ஒரு உயிர் இருப்பதைக் கேள்விப்பட்டதில்லை. அதனால் என்ன, துக்கம் துக்கம்தான்.

முப்பதாம் நாள் வெள்ளிமுனைக் கரையில் நினைவுக் கூட்டம். எட்டடி உயரத்தில், கொண்டை விரித்த சிலை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பேருந்து பேருந்தாக வந்து இறங்கியவர்கள் சிலையோடும் தங்கள் கண்ணீரோடும் படம் எடுத்துக்கொண்டார்கள், முதுகை மறக்காமல் கடலுக்குக் காட்டி. அதை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் என்ற முறையில் பிரகாசி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. அவளும் வந்தாள், முதுகில் செவுள்பையோடு.

அவளுக்கு ஒலிவாங்கி வருவதற்குள் இரண்டு நிமிட மௌனம் அறிவித்துவிட்டார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒருவருக்குப் பொறுக்கவில்லை. மௌனத்தைக் கலைத்து அதட்டினார்.

"என்னம்மா இது? செத்துப்போன ஜீவனுக்கு ரெண்டு நிமிஷம் நிக்க முடியாதா உங்களுக்கு?"

பிரகாசி கணுக்கால் நனைய நின்று திரும்பிப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். அவ்வளவு தொப்பிகளையும் பார்த்தாள்.

"நீங்க நில்லுங்க ஐயா," என்றாள். "அது இன்னைக்குக் குட்டி போடுது. நான் போயிப் பாக்கணும்."

யாரும் கூட வரவில்லை.