திட்டுவதற்கு ஓர் ஆள்

"ஐயையோ... ரத்தம்! தம்பிக்கு ரத்தம்!"

நாத்தனார் போட்ட சத்தத்தில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் அவள்.

அவள் கணவரான தச்சர் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் ரேசர். தாடையில் கடுகளவு வெட்டு. அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து இறங்கிய ரத்தம் பனியனின் கழுத்தை நனைத்து, நெஞ்சின் நடுவே ஓடிய ஆபரேஷன் தழும்பு வரைக்கும் வந்துவிட்டது.

"மிஷின் ஷேவர் வாங்கி வெச்சிருக்கேனே, அதுல பண்ணக்கூடாதாங்க..." என்று துணியை மடித்து வெட்டின் மேல் அழுத்தினாள்.

"கையை எடு! நானே பிடிச்சுக்கிறேன். சொந்த மூஞ்சியை மழிக்கக்கூட லாயக்கில்லாம என்னைப் பண்ணி வெச்சது யாரு? நீதானே!"

"வேற யாரு?" என்று நாத்தனார் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி என்றால் உயிர். "முப்பது வருஷம் உளியும் ரம்பமுமா இருந்தவன்! உசிரைக் காப்பாத்தறேன்னு சொல்லி, கையை வாங்கிட்டாளே இந்த ஊமைக் கோட்டான்!"

ரத்தம் நிற்க இருபது நிமிடமாயிற்று. பேச்சு நிற்க அதைவிட நேரமாயிற்று.

தச்சரின் இதயத்தில் வால்வு கெட்டுப்போய், நெஞ்சைத் திறந்து புதிது வைத்து அன்றோடு ஆறு வாரம். வைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று விலங்கின் திசுவில் செய்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும், அப்புறம் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இன்னொன்று இயந்திர வால்வு. அது ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும்; சின்ன வெட்டுப் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. தச்சருக்கு வைத்தது இரண்டாவது. "இனிமே உளி, ரம்பம் பக்கமே போகாதீங்க" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று, வாசல் அறையிலிருந்த பட்டறையில், பாதி இழைத்த கதவு ஒன்றின் எதிரே நின்றுகொண்டு அவர் கேட்டார், "யாரு இதை வைக்கச் சொன்னது?" என்று. ஆபரேஷனுக்கு முந்தின நாட்கள் எதுவுமே அவர் நினைவில் இல்லை. மூச்சுத் திணறலோடு கொண்டுபோய்ச் சேர்த்ததுகூட இல்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

பொய்! கேட்டது அவரேதான். டாக்டர் இரண்டையும் விளக்கிச் சொல்லி, "நீங்க மரவேலை செய்றவரு, யோசிச்சு சொல்லுங்க" என்று இரண்டு தடவை எச்சரித்தார். இவர் கட்டிலில் சாய்ந்தபடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க என்னால ஆகாது டாக்டர். நிலைச்சு நிக்கிறதையே வைங்க. கை போனா போகட்டும். இவளைப் பாதியில விட்டுட்டுப் போக முடியாது" என்றார். பிள்ளையில்லாத வீடு. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கேட்ட ஒரே தடவையும் அவருக்கே மறந்துபோயிற்று.

தன் கையைத் தானே வெட்டிக்கொண்டோம் என்று தெரிந்தால் இந்த மனுஷன் தாங்குவாரா? கோபப்பட ஓர் ஆள் இருந்தால் கோபத்துக்காகவாவது எழுந்து உட்காருவார், சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டாவது சாப்பிடுவார். அதனால் அந்த ஆளாக அவள் இருந்துகொண்டாள். அவளுக்காகத்தானே அவர் அப்படிக் கேட்டார்? அந்தக் கணக்கில் 'நான்தான்' என்றது முழுப் பொய்யும் இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

தாடையை வெட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் ஆறாவது வாரப் பரிசோதனை. டாக்டர் வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால்?

"அண்ணி, நீங்க வெளியிலயே உக்காருங்களேன். உள்ள ரெண்டு பேரைத்தான் விடுவாங்க" என்றாள் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"ஏன்? நான் கேக்கக்கூடாத சங்கதி என்ன இருக்கு?" என்று நாத்தனார் முதல் ஆளாக உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்தாள்.

டாக்டர் தழும்பைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"என்ன நல்லாருக்கு டாக்டர்?" என்றார் தச்சர். "இதைக் கழட்டிட்டு அந்த இன்னொண்ணை வைக்க முடியாதா? இவ வெவரம் தெரியாம எதையோ சொல்லிட்டா..."

"என்னங்க, நேரமாச்சு... மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுக் கெளம்பலாம்..."

"நீ சும்மா இரு!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்க எங்க சொன்னாங்க? நீங்கதானே கேட்டீங்க? நான் ரெண்டு தடவை சொல்லியும் கேக்கலையே!"

"டாக்டர்... வேண்டாம் டாக்டர்..." என்றாள் அவள். அதற்குள் கோப்பு திறந்துவிட்டது.

'விளக்கம் கேட்டுக்கொண்டேன். ஆயுசுக்கும் நிலைக்கிறதே போதும்.' கீழே கையெழுத்து. பலகையில் பட்டைப் பென்சிலால் எழுதிப் பழகிய கட்டை எழுத்துகள். அவருடையது இல்லை என்று அவராலேயே சொல்ல முடியாது. காகிதத்தை அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "நிறையப் பேருக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்காது" என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள்.

"எத்தனை பேச்சு பேசினேன்... நாக்குல நரம்பில்லாம! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? 'நான் இல்ல அண்ணி'ன்னு ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்லியிருந்தா அவரு யாரைத் திட்டுவாரு அண்ணி?"

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவளே சமைத்தாள், அவளே பாத்திரம் துலக்கினாள், 'அம்மா, தாயே' என்றுதான் கூப்பிட்டாள். பாவம், நல்ல மனசுதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆனால் மனைவி பயந்தது நடந்தேவிட்டது. தச்சர் திட்டுவதை நிறுத்திவிட்டார். உப்பில்லாத குழம்பைக் குறை சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொண்டார், கொடுக்கவில்லையென்றால் கேட்கவில்லை. மிஷின் ஷேவரை நீட்டினால் தாடையைக் காட்டினார். ஆறு வாரமாக அத்தனை ஏச்சுக்கும் அழாதவள், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"ஏதாவது சொல்லித் திட்டுங்களேன்... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"உன்னை எதுக்குத் திட்டணும்?" என்றார் அவர்.

நான்காம் நாள் கூட்டாளித் தச்சரை வரச் சொன்னார். உளிகளைத் துணியில் சுற்றினார். இழைப்புளியைத் துடைத்து, ரம்பத்தின் பல்லை விரலால் தடவப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் கூட்டாளி.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனிமே சாண் என்ன, முழம் என்ன? எடுத்துட்டுப் போப்பா. அந்தக் கதவையும் நீயே முடிச்சுக் குடுத்துரு. கீல் வெக்கறப்போ மட்டும் கொஞ்சம் பார்த்து வை."

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனபின் பட்டறை பெரிதாகத் தெரிந்தது. அவர் வெறும் மேசையருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையில் இன்னும் கொஞ்சம் மரச் சீவல் கிடந்தது.

"பாதியில விட்டுட்டுப் போக முடியாதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க" என்றாள். "உங்களுக்கு ஞாபகமில்ல. எனக்கு இருக்கு."

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "என்னங்க... இப்போ அந்த டாக்டர் வந்து மறுபடியும் கேட்டா, எதைச் சொல்லுவீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். கைகளை விரித்து உள்ளங்கைகளைப் பார்த்தார். தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்து, திரும்பி, போய்விட்டது. பதில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஏன் கேட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"நெசத்தைச் சொல்லட்டுமா, பொய் சொல்லட்டுமா?" என்றார் அவர்.

"பொய்யே சொல்லுங்க..."

"இதையேதான்டி கேட்டிருப்பேன்" என்றார். "சத்தியமா... இதையேதான்..." முடிக்க முடியாமல் அழுதுவிட்டார்.

அவளும் அழுதாள். நெஞ்செலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை, மார்பில் சாய முடியாது. அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து நாத்தனார் சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.