இல்லாத திரை

மவுஸின் அம்பு திரையின் வலது ஓரத்தில் நிற்கவில்லை. ஓரத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஒரே ஒரு திரை உள்ள கம்ப்யூட்டரில் அதுதானே வழக்கம்? இது வழுக்கிக்கொண்டு வெளியே போனது. அவள் மவுஸை இடப்பக்கம் இழுத்தாள், திரும்பி வந்தது. வலப்பக்கம் தள்ளினாள், காணோம். மேசைக்கு வலதுபுறம் இருப்பது வெறும் சுவர், சுண்ணாம்பு பொரிந்து, மழை ஈரத்தின் பழந்துணி வாடை அடிக்கிற சுவர். அதற்குள் போய்விட்டு வருகிறது போலிருந்தது.

"அட எழவே, இன்னைக்குன்னு பார்த்தா?" என்றாள் வாய்விட்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டிமுடித்தது போலப் படமாக்கித் தருவது அவள் தொழில். ஒரு பெரிய வீட்டின் பன்னிரண்டு அறைகளைப் பன்னிரண்டு படங்களாக ஆறு மணிக்குள் ஆபீஸின் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டால் நாளையே நிரந்தர வேலைக்கான உத்தரவு தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். நாளை பதினோரு மணிக்கு அந்தக் காகிதத்தோடு அவள் நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். நிலையான வேலை இல்லாதவளிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று நீதிபதி போன தடவையே கேட்டுவிட்டார். காகிதம் இருந்தால் மகள் அவளோடு. இல்லாவிட்டால் அப்பாவோடு. அவ்வளவுதான் கணக்கு.

அந்த மனுஷன் பிரிந்து போகும்போது நல்ல லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, பத்து வருஷப் பழசான இந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். படங்களை உருவாக்க அதிலிருந்த கிராபிக்ஸ் கார்டும் வியாழக்கிழமை கருகி உயிரை விட்டது. அன்றிலிருந்து ஒரே ஓட்டம். முதலில் வாங்கிய கார்டு இரண்டு விரற்கடை நீளம் அதிகம், ஹார்ட் டிஸ்க் கூட்டில் இடித்தது. அடுத்ததற்குத் தனியாக மின்சார இணைப்பு வேண்டும். இவள் பெட்டியின் பவர் சப்ளை வெறும் முந்நூறு வாட், அதில் அப்படி ஒரு ஒயரே கிடையாது. நேற்றுச் சாயங்காலம்தான் பழைய சாமான் பெட்டியைக் குடைந்து கடைக்காரர் இதை எடுத்தார். குட்டையானது, ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வது. "உங்க பெட்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அவருக்கே போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு திரைதான் இருக்கு. செட்டிங்ஸ்ல ரெண்டு காட்டுது."

"கேபிளை எங்க சொருகினீங்க? மதர்போர்டுலயா, கார்டுலயா?"

அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்புதான். புதுக் கார்டைப் போட்டுவிட்டுக் கேபிளை மதர்போர்டின் பழைய துளையிலேயே சொருகியிருந்தாள். கார்டின் துளை காலியாக இருந்தது. விரலை வைத்தாள். சூடாக இருக்கவில்லை, ஆனால் உள்ளிருந்து லேசாகக் காற்று வந்தது. கேபிளை அதற்கு மாற்றியதும் திரை இருண்டது. பழையபடி சொருகினாள்.

"கார்டுல எதுவுமே சொருகலண்ணே. ஆனா அதுலதான் ரெண்டாவது திரை இருக்குன்னு காட்டுது."

"சொருகாம காட்டாதும்மா."

"காட்டுதே. இதை யார்கிட்ட வாங்குனீங்க?"

"ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார். வீட்ல இனிமே யாருமில்ல, கம்ப்யூட்டர் எதுக்குன்னார். எனக்கென்னமோ சரியாப் படல. கழட்டி வச்சிடுங்க, நாளைக்கு வேற பார்ப்போம்."

நாளைக்காம்! அவள் போனை வைத்தாள்.

முதல் அறையின் படத்தை உருவாக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். இந்தக் கார்டிலும் படத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று காட்டியது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு மணி நேரம், கையில் இருப்பது நாலரை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திரையில் படம் ஓடிக்கொண்டிருந்த சன்னல் தானாக வலப்பக்கம் நகர்ந்தது. யாரோ நிதானமாக இழுப்பது போல. பாதி போயிற்று. முழுதும் போயிற்று. கீபோர்டில் எதையெதையோ அழுத்தி இருபது நிமிஷம் கழித்து அதைத் திரும்ப இழுத்தாள்.

படம் முடிந்திருந்தது. சன்னல் வழியே விழுந்த வெயில், பளிங்குத் தரையின் மினுமினுப்பு, திரைச்சீலையின் மடிப்பு, அத்தனையும் கச்சிதம். எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள், இப்படி ஒரு படம் அவள் கையில் வந்ததில்லை. கேள்வி கேட்கிற நிலைமையிலா இருந்தாள்? அடுத்ததையும் வலப்பக்கம் தள்ளினாள். இருபது நிமிஷம். முடிந்தது.

மூன்றாவது படத்தில் வாசற்கதவோரம் ஒரு ஜோடி நீலச் செருப்பு கிடந்தது. அவள் வைத்ததல்ல. ஏதோ பழைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று ஃபோல்டரில் போட்டாள்.

"அம்மா, என் செருப்பைக் காணோம்" என்றாள் மகள் வாசலிலிருந்து. ஏழு வயசு, முன்பல் இரண்டும் விழுந்து காற்று வரும் பேச்சு.

"கட்டிலுக்கடியில பாருடி தங்கம்."

"பார்த்துட்டேன்."

"அப்புறம் தேடலாம், அம்மாவுக்கு வேலை இருக்குல்ல?"

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது, அறையில் விளக்குப் போட்டாள், பெட்டிக்குள் மின்விசிறி ஒரே சீராக இரைந்தது, அந்த இரைச்சலுக்கடியில் இன்னொன்று, காலியான கூடத்தில் யாரோ மூச்சுவிடுவது போன்ற ஒன்று, நின்று கேட்டால் இல்லாமலும் வேலையில் மூழ்கினால் இருந்தும் அவளைச் சோதித்தது. ஏழாவது படம் வந்தபோது மணி நாலு. குழந்தைகள் அறை. கதவுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பை தொங்கியது. ஜிப்பில் அவள் பச்சை நூலால் போட்ட தையல்.

திரும்பிப் பார்த்தாள். சுவரில் பை மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். கார்டைப் பிடுங்கி எறியத்தான் எழுந்தாள். இன்னும் ஐந்து படம். கார்டில்லாமல் ஒன்றுகூட வராது. செருப்பு போனால் செருப்பு வாங்கலாம், பை போனால் பை வாங்கலாம். பிள்ளை போனால்? பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் விடலாமா என்று நினைத்தாள். கண்மறைவில் விட மனசு ஒப்பவில்லை. கண்ணெதிரே இருந்தால் யார் என்ன செய்துவிட முடியும்?

"பாப்பா, இங்க வா. அம்மா பக்கத்துலயே உட்காரு."

மகள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு. ஒன்பது. கலர் பென்சில்கள் போயின. தலைகாணி போயிற்று. பத்தாவது படம் முடிந்த நொடியில் மகள் தொப்பென்று தரையில் விழுந்தாள்.

"அம்மா, ஸ்டூல் எங்க?" என்று சிரித்தாள்.

படத்தில், சாப்பாட்டு மேசையருகே, அந்த ஸ்டூல்.

மணி ஐந்து. இரண்டே இரண்டு படம். அவள் மகளை மடியோடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நாளைக்கு அவன் வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போவான், மாதம் ஒரு தடவை பார்க்கலாம் என்பார்கள், முன்பல் முளைப்பதைக்கூடப் பார்க்க முடியாது. முடியாது. அதைத் தாங்கவே முடியாது. பதினொன்றைத் தள்ளினாள். போனது விளக்கு, அறை இருண்டது, படத்தில் வெளிச்சம். அவ்வளவுதானே? விளக்குதானே?

ஒன்று.

மகளின் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். சின்னக் கை, வியர்த்திருந்தது.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு. நிறுத்தாம சொல்லிக்கிட்டே இரு."

"எதுக்கும்மா?"

"சொல்லுடி!"

வலது கையால் பன்னிரண்டாவது படத்தைத் தள்ளினாள்.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மறுபடி. குரல் கம்மியது. அவள் விடவில்லை. பிடியைத் தளர்த்தவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பத்து நிமிஷம். பதினெட்டு.

"ஆறேழு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொன்பது. எட்"

இடது கை மூடிக்கொண்டது. உள்ளே ஒன்றுமில்லை. நகம் உள்ளங்கையில் குத்தியது.

"பாப்பா?"

மின்விசிறி இரைந்தது.

"பாப்பா!"

கட்டிலுக்கடியில் இல்லை. குளியலறையில் இல்லை. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திரும்பி ஓடி வந்தாள். திரையில் சன்னல் தானாக வந்து நின்றிருந்தது. பன்னிரண்டாவது படம். மாடிக் கூடம். தூணோரம் மகள். செருப்பில்லாத கால். ஒரு கை முன்னால் நீண்டு, விரல்கள் எதையோ பற்றியது போல மடங்கி. நேராக இவளைப் பார்த்தபடி.

படம் தானாகவே ஆபீஸ் ஃபோல்டருக்குப் போய்விட்டிருந்தது.

போன் அடித்தது. மேலாளர்.

"பிரமாதங்க! சத்தியமா சொல்றேன், வீட்டுக்காரங்க போட்டோவான்னு கேட்டாங்க. நாளைக்குக் காலைல உத்தரவு உங்க கையில. ஒண்ணே ஒண்ணு. கடைசிப் படத்துல ஒரு பொண்ணு நிக்குது. மனுஷங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே."

"சார், அது, அதைத் தொடாதீங்க சார்..."

"நீங்க ஏன் சிரமப்படுறீங்க? பாவம், மூணு நாளாத் தூங்கல. நானே அழிச்சிடறேன், ரெண்டு நிமிஷ வேலை. ஆரம்பிச்சுட்டேன் பாருங்க."

"என் பொண்ணு சார்! சார்!"

"ஹலோ? கேக்கல. சரி, நாளைக்குப் பேசுவோம்."

திரையில் மகளின் கால்கள் இருந்த இடத்தில் தரை வந்திருந்தது. பளபளவென்று, மாசில்லாத தரை. மகள் அதே உயரத்தில்தான் நின்றாள். முழங்கால் இருந்த இடத்துக்கும் தரை வந்தது. இடுப்பு இருந்த இடத்துக்குத் தூண் வந்தது. வாய் இப்போது திறந்திருந்தது. நீண்டிருந்த கையின் விரல்கள் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தன.