கழித்தும் மிஞ்சிய மூச்சு

ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ இருந்தது. தோருன் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த நாற்பது விநாடியை முதலிலிருந்து ஓட்டினாள். சமையலறை மேசையில் காப்பி ஆறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பகல் பதினொரு மணி கருநீலமாக நின்றது. டிசம்பரில் இந்த ஊருக்கு அதற்குமேல் வெளிச்சம் கிடையாது.

அவள் செய்துகொண்டிருந்தது சாதாரணச் சரிபார்ப்புதான். வெளியே போய்ப் பதிவு செய்கிறவர்கள் ஒரே மைக்கிலிருந்து இரண்டு ரெக்கார்டருக்கு ஒயர் இழுப்பார்கள்; ஒன்று சொதப்பினால் மற்றது கைகொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பதிவைத் தலைகீழாகப் புரட்டி மற்றதன்மேல் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றேயென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், மிச்சம் இருக்காது. இங்கே வெளியே அடித்த காற்று கழிந்தது, இரும்பு குளிரில் முனகியது கழிந்தது, தொலைவில் போன மீன்பிடி படகின் துடிப்பும் கழிந்தது. எல்லாம் போன பிறகு ஒரு மூச்சு மிஞ்சியிருந்தது.

தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. தன்னுடையதென்றால் அது இரண்டு பெட்டியிலும் விழுந்து கழிந்துபோயிருக்கும். இது ஒன்றில் மட்டும் இருந்தது. ஒரே மைக்கிலிருந்து வந்த சத்தம் ஒரு பெட்டிக்குள் போய், மற்றதற்குள் போக மாட்டேன் என்றிருக்கிறது.

பதிவு செய்த இடம் ஸ்கார்வோய் தீவு. ஹெர்ரிங் மீனை அவித்து எண்ணெய் எடுத்த ஆலை போய் முப்பது வருஷமாகிறது. ஆறு மாடி உயர இரும்புத் தொட்டி மட்டும் கரையில் நிற்கிறது. உள்ளே ஒருமுறை கை தட்டினால் சத்தம் ஒரு நிமிஷத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒலிக்கலை படிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அங்கே போய்க் கத்திவிட்டு, பாடிவிட்டு, பலூன் உடைத்துவிட்டு வருவார்கள். தோருன் அதையெல்லாம் செய்யவில்லை. தொட்டி தானாக என்ன சொல்கிறது என்று கேட்கப் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

முப்பத்தாறு வயதில் மேற்படிப்பு. பள்ளி ஆசிரியை வேலையை விட்டாள், சத்தத்தைப் படிக்க யாராவது காலேஜ் போவார்களா என்று சிரித்த புருஷனையும் விட்டாள். போன வசந்தத்தில் இறுதிப் படைப்பு தேறவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் பட்டம் இல்லாமல் வெளியே போக வேண்டியதுதான். பத்தொன்பதாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு இருபது நிமிஷப் படைப்பொன்றைத் தேர்வு நிகழ்ச்சியில் ஒலிக்கவிட வேண்டும். பதினேழு நாள் இருந்தது. கையில் வேறு எதுவும் இல்லை, இந்த நாற்பது விநாடியைத் தவிர.

அதே வீட்டில் பக்கத்து அறையில் இருக்கும் ஐவிண்ட் ரொட்டிமேல் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே அந்தப் பதிவைக் கேட்டான். வகுப்பில் இவர்கள் இருவர்தான் கிழங்கள், அதனால் ஒட்டிக்கொண்டவர்கள். ரெக்கார்டர் கோளாறு என்றான், கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான்.

"யாருடி அது?" என்றான்.

"யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்."

"அப்ப நீ குறட்டை விட்டிருக்க," என்று சொல்லிவிட்டு மீதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

பேராசிரியை ஹெர்டிஸ் சிரிக்கவில்லை. போன தடவை தோருன்னின் படைப்பைக் கேட்டுவிட்டு, அழகாயிருக்கிறது, ஆனால் உள்ளே யாருமில்லை என்று ஒரே வரியில் கதையை முடித்தவர் அவர். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து மூன்று முறை கேட்டார்.

"இதை எப்படிப் பண்ணினன்னு சொல்லாத," என்றார். "இதே மாதிரி இருபது நிமிஷம் கொண்டா. போதும். இதுக்குமேல நான் எதுவும் கேக்க மாட்டேன்."

தோருன் அன்று பனி வழுக்கும் தெருவில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. ஹெர்டிஸ் கேட்டு முடித்தபின் கழுத்தின் பின்பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டதைப் பார்த்திருந்தாள். மறுநாள் அவர் கம்பளித் துண்டைக் காதுவரை சுற்றிக்கொண்டு வந்ததையும் பார்த்தாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் முறை படகில் போனபோது தொட்டியின் சாவி வைத்திருக்கும் ஒத்னி, தன் கடைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வர்றவங்க எல்லாம் உள்ள கூச்சல் போடுவாங்க. நீ மட்டும்தான் வாயைத் திறக்காம உக்காந்திருக்க," என்றாள். "கேக்க ஆள் கிடைச்சா யாரு விடுவா?"

வயதான பெண் வம்புக்கு இழுக்கிறாள் என்று தோருன் சிரித்து வைத்தாள்.

தொட்டிக்குள் போக முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம் உண்டு. தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே துருவும், எத்தனை வருஷமானாலும் போகாத மீனெண்ணெய் நாற்றமும், நெற்றியைப் பிடித்து அழுத்துகிற குளிரும், தலைக்குமேல் எங்கேயோ போய் முடிகிற இருட்டும் இருந்தன. துணி உரசினால் அது மேலே ஏறிப் பத்து மடங்காகித் திரும்பி வரும், அதனால் கம்பளி உடுப்பைக்கூடக் கழற்றிவிட்டு, துவாரத்துக்கு முதுகைக் காட்டி, மைக்குக்கு ஓரடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். அப்புறம் அசையக் கூடாது. இது இந்தத் தொழிலின் முதல் பாடம். மூக்கு அரித்தாலும், கால் மரத்தாலும், எச்சில் ஊறினாலும் பதிவு ஓடுகிறவரை அசையக் கூடாது, திரும்பக் கூடாது. அசைந்தால் பதிவு கெட்டது. தோருன் வகுப்பிலேயே இதில் கெட்டிக்காரி.

அந்த முறை மூன்று நிமிஷம் மிஞ்சியது. முதல் பதிவில் மூச்சு எதிர்ச் சுவரோரத்தில் இருந்தது. இதில் தொட்டியின் நடுவில்.

மூன்றாம் முறை நான்கு நிமிஷம். மைக்குக்கு இரண்டடியில்.

நான்காம் முறையும் அதே அளவுதான் கிடைத்தது, ஆனால் மூச்சு மைக்கைத் தாண்டியிருந்தது. கேட்டுப் பார்த்தபோது அது இடக் காதிலிருந்து மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. மைக்குக்குப் பின்னால் இருந்தது தோருன்னின் நாற்காலி.

அதன்பின் அது வீட்டுக்கும் வந்தது. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடினால், தண்ணீர்ச் சத்தம் நின்ற மறுகணம் பின்கழுத்தில் இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. குழாயைத் திறந்தே வைத்தாள். ரேடியோவைப் போட்டு வைத்தாள். குளிரூட்டிப் பெட்டியின் உறுமலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டாள். சத்தத்தைப் படிக்க வந்தவள் மௌனத்துக்குப் பயந்து வீடு முழுக்கச் சத்தம் நிரப்பினாள். எந்தச் சத்தத்தைப் போட்டாலும் அதற்கடியில் அது இருப்பது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் மேலே உள்ளதைக் கழித்துக் கேட்கத் தன் காதை அவளே பழக்கியிருந்தாள்.

ஹெர்டிஸுக்குப் புதுப் பதிவைப் போட்டுக் காட்டிய அன்று மட்டும் மாலைவரை அது வரவில்லை. ஹெர்டிஸ் மறுநாள் கல்லூரிக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் அவர் வந்தார், தோருன்னின் கழுத்துக்கு அது திரும்பி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தெரியாமலில்லை. சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐவிண்ட் ஒரு காலையில் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா?" என்றான். "விட்டுடு தோருன். அந்தத் தீவுக்கு இனி போகாத. நான் கூட உக்காந்து வேலை பாக்கறேன், நாலு நாள்ல வேற ஒண்ணு பண்ணிடலாம்."

"நாலு நாள்ல பண்றது தேறாது."

"தேறலைன்னா என்ன? செத்தா போயிடுவ?"

தோருன் ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்தாள். அவனுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது போன வசந்தத்திலேயே. பேசுவது சுலபம் என்று நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கமும் பட்டாள். இன்னும் ஒன்பது நிமிஷம் வேண்டும். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி கடைசி முறையாகப் போனாள். ஒத்னி சாவியைக் கையில் தராமல் கல்லாமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தவழ்ந்து உள்ளே போனாள். நாற்காலி. மைக். இரண்டு ரெக்கார்டர். சிறிய எண்கள் ஓடத் தொடங்கின.

இந்தத் தடவை கழிக்கத் தேவையே இருக்கவில்லை. ஹெட்போன் வேண்டியிருக்கவில்லை. அது நேராக வந்தது. முதுகுக்குப் பின்னால், துவாரத்துக்கும் அவளுக்கும் நடுவில்.

ஒரு நிமிஷம்.

இழுத்தது. நிறுத்தியது. விட்டது. மீனெண்ணெய் நாற்றம் வெதுவெதுப்பானது.

மூன்று நிமிஷம். எழுந்து ஓடு என்று உடம்பு சொன்னது. அசையாதே என்று படிப்பு சொன்னது. அவள் அசையவில்லை. கண்ணீர் தானாக வழிந்தது. அது கன்னத்தில் ஓடுகிற சத்தம் விழுமோ என்று பயந்தாள்.

ஐந்து. இடத் தோள்மேல் எதுவோ தாழ்ந்தது. கனமில்லை. குளிருமில்லை.

ஆறு. அதன் மூச்சும் அவள் மூச்சும் ஒன்றாயின. அவள் நிறுத்திப் பார்த்தாள். அதுவும் நிறுத்தியது. காத்திருந்தது.

அவளால்தான் முடியவில்லை.

எட்டு. காதுக்குள்.

ஒன்பது.

விரலை மட்டும் நீட்டிப் பதிவை நிறுத்தினாள். துவாரம் பின்னால் இருந்தது. திரும்பாமல், கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே தவழ்ந்தாள். எதன் மேலும் இடிக்கவில்லை. அது வழி விட்டிருந்தது.

பத்தொன்பதாம் தேதி இரண்டு மணிக்குக் கல்லூரியின் கறுப்புச் சுவர் அரங்கம் நிறைந்திருந்தது. சுற்றிலும் ஸ்பீக்கர்கள், நடுவே முப்பத்திரண்டு நாற்காலிகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. தோருன் முன்சுவரோரம் கருவிகளுக்குப் பின்னால், எல்லோர் முகமும் தெரியும்படி நின்றாள். முதல் வரிசையில் ஹெர்டிஸ். அவருக்குப் பக்கத்தில், விசேஷத்துக்கு மட்டும் போடும் வெள்ளிப் பொத்தான் ஸ்வெட்டரில் ஐவிண்ட். அவன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். சத்தம் விழக் கூடாதென்று காற்றாடிகளை நிறுத்தியிருந்தார்கள். வாசலுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது: பதிவு ஓடுகிறது. ஹெல்சிங்கியிலிருக்கும் வெளித்தேர்வாளருக்கு அந்தப் பதிவுதான் போகும். இடையில் ஒரு சொல் விழுந்தாலும் படைப்பு செல்லாது.

இருபது நிமிஷம் ஓடியது. முடிந்தபின் வரும் ஒரு நிமிஷ மௌனமும் படைப்பில் சேர்த்தி என்று அவளே தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். கடிகாரம் அறுபதிலிருந்து இறங்கத் தொடங்கியது.

யாரும் அசையவில்லை. இருமவில்லை. இப்படி ஒரு அவையை அவள் கண்டதில்லை. ஒரு கணம் பெருமையாக இருந்தது.

பிறகு கைகளைப் பார்த்தாள். முப்பத்திரண்டு பேரும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தார்கள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஹெர்டிஸின் கண்கள் நிறைந்து அவளையே பார்த்தன. கெஞ்சின. அவர் காதோரத்து நரைமுடி ஆடியது. நின்றது. ஆடியது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண்ணின் கழுத்துத் துணியும் அதே கணக்கில். காற்றே இல்லாத அறையில்.

தோருன் தன் பின்கழுத்தைத் தொட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு வெறும் தோல். அவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது, அந்த நிம்மதியை அவளால் தள்ளவும் முடியவில்லை.

நாற்பது.

ஐவிண்ட் திரும்பத் தொடங்கினான்.

பின்னால் இருப்பதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் சொல்லலாம். ஒரு வார்த்தை. "திரும்பாத." அவ்வளவுதான். வாய் திறந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்தைந்து விநாடி. அதற்குப் பிறகு பட்டம்.

தோருன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவன் முகவாய் தோளுக்கு வந்தது. உடம்பு முன்னால் பார்த்தே உட்கார்ந்திருந்தது. கைகள் நாற்காலியை விடவில்லை. முகவாய் தோளைத் தாண்டியது. நிற்கவில்லை. யாரோ இரண்டு பக்கமும் பிடித்து, அவசரமில்லாமல், பதிவு கெட்டுவிடாதபடி பக்குவமாகத் திருப்புவது போலத் திரும்பியது. ஒரு சத்தமும் விழவில்லை.

பன்னிரண்டு. பதினொன்று.

வெள்ளிப் பொத்தான்களுக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஐவிண்டின் பின்தலை அவளைப் பார்த்து வந்து நின்றது. அவன் பக்கத்தில் ஹெர்டிஸின் முகவாய் தோளை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது.