கொண்டை ஊசியின் மூன்றாவது பாட்டு

மூன்றாவது பாட்டில் வரும் அந்த அடியைச் சின்னசாமி அடிக்கவில்லை.

ஏற்காடு கடைவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து வந்த ஆங்கில வாரப் பத்திரிகையை அக்கா ஞானசுந்தரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் அது அவனுக்கு உறைத்தது. போன மாதம் சேலத்துப் பத்திரிகை ஒன்று அவர்களுடைய கேசட்டைத் 'தகரக் கொட்டகைச் சத்தம்' என்று ஒரே வரியில் எழுதித் தள்ளியிருந்தது. சென்னைப் பத்திரிகைக்காரரோ தலைமேல் தூக்கி வைத்திருந்தார். 'கொண்டை ஊசி' என்ற இந்த ராக் குழுவைப் போல ஒன்றைத் தமிழில் கேட்டதில்லையாம். பாடுகிறவளின் குரல் பாறையில் உரசிக்கொண்டு வருகிறதாம். எல்லாவற்றுக்கும் மேலே சின்னசாமியின் டிரம்ஸ்.

"மூன்றாவது பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இன்னோர் அடி தயங்கித் தயங்கி வருகிறது," என்று அக்கா படித்தாள். "வாசலில் வந்து நிற்கிற ஆள், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி."

கிதார் வாசிக்கும் தங்கராஜ் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். சின்னசாமி மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் மூன்று பேர்தான் மொத்தக் குழுவும். பாடுகிற அக்கா சேலம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தாள்; அம்மா போன பிறகு சின்னசாமியை வளர்த்தவள் அவள்தான். தங்கராஜ் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுக்க வழியில்லாமல், கிளியூர் போகும் பாதைக்குக் கீழே, கைவிடப்பட்ட ஒரு எஸ்டேட்டின் காப்பி குடோனைக் கேட்டு வாங்கி, தங்கராஜின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெஷினில் பதிவு செய்திருந்தார்கள். கருங்கல் சுவர், பலகைத் தரை. உள்ளே ஒரு தடவை இருமினாலே பெரிதாகக் கேட்கும்.

அந்தப் பின்னடி தன்னுடையதில்லை என்று அவன் சொன்னதும், கல் சுவருடைய எதிரொலி என்றான் தங்கராஜ். அக்காவும் அதுவாகத்தான் இருக்கும் என்றாள். சின்னசாமிக்கும் அப்படியே நம்பிவிட ஆசைதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். பாட்டின் நடுவில் மூன்று பேரும் சேர்ந்து சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த வெறும் இடத்தில், மெதுவாக, ஒரு அடி விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் கேசட்டைத் தொடவில்லை. தொடாமல் இருந்தும் தப்ப முடியவில்லை. ஹாஸ்டல் ஜன்னல்களிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. பொறியியல் கல்லூரிப் பையன்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்து, ஹோட்டல் மேசையில் விரலால் தாளம் போட்டுக் காட்டினார்கள். எல்லா விரல்களும் ஒரு நொடி அந்தரத்தில் நின்றுதான் கீழே இறங்கின.

ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பழனிசாமி, அந்தக் கேசட்டை மலை ஏறும்போதும் இறங்கும்போதும் போடுகிறவர். ஒரு நாள் மத்தியானம், பஸ் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியபோது, சின்னசாமிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? அந்தப் பின்னாடி வர்ற அடி, மொதல்ல நொம்பத் தள்ளி வந்துச்சுங்க. போடப் போடக் கிட்ட வருதுங்க. இப்ப உங்க அடிய ஒட்டிக்கிட்டே வருது."

பொழுது சாய்ந்தால் அதைப் போடவேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டாராம். அது ஓடும்போது அவர் கண் பின்புறம் காட்டும் கண்ணாடியை விட்டு வருவதில்லையாம். ஆனால் தன்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை, லீவு நாளில்கூட அதைக் கேட்க டிப்போவுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அவர் முகத்தில் பயம் இல்லை. பக்தி மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் சின்னசாமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பதிவு செய்த இடத்திலேயே கச்சேரி வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். அக்கா ஒத்துக்கொண்டாள். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஜீப்பிலும் பஸ்ஸிலும் வந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வரிசையாக இறங்கி வந்தார்கள். குடோனுக்குக் காவல் இருந்து சாவி வைத்திருந்த அருக்காணி கதவைத் திறந்துவிட்டாள், வாசற்படியைத் தாண்டவில்லை. பனிமூட்டம் இறங்குவதற்குள் முடித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

உள்ளே புளித்த காப்பித் தோலின் வாடையும், ஈரக் கல்லின் வாடையும், நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. தரை நிரம்ப ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பழனிசாமி, காக்கி இல்லாமல், வெள்ளைச் சட்டையில். திறந்திருந்த கதவு வழியாக மூட்டம் பலகைத் தரையைத் தடவியபடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டை விட்டுவிடலாம் என்று சின்னசாமி அக்காவின் காதில் சொன்னான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அதுக்குத்தானே சாமி இத்தன பேரு வந்திருக்காங்க. பத்து வருசம் பாடி இன்னைக்குத்தான் நம்மளக் கேக்க ஆளு வந்திருக்கு. எனக்காக ஒருக்கா வாசிச்சிரு."

முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகவே போயின. தங்கராஜின் கிதார் கல்லில் மோதித் திரும்பியது, அக்காவின் குரல் கூரைத் தகரத்தை நடுங்க வைத்தது, சனம் கூவியது. சின்னசாமிக்கே ஒரு கணம் எல்லாம் வெறும் பிரமை என்று தோன்றி, தோள் இளகிற்று.

மூன்றாவது பாட்டைத் தொடங்கினான். சனம் கூவவில்லை. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவன் அடித்தான். பின்னாலேயே அது வந்தது. சனம்தான் கை தட்டுகிறது என்று நினைத்தான். கைகள் மடியில் இருந்தன. எல்லாக் கைகளும். மறுபடி அடித்தான். மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில், அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து. அங்கே ஒரு ஆள் நிற்க இடம் கிடையாது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. வேகத்தைக் கூட்டினான். அதுவும் கூட்டியது. குறைத்தான். குறைத்தது. பிறகு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பிறகு அது முந்திக்கொண்டது. அது அடித்தது. அவன் கை அதன் பின்னால் போனது.

கரண்ட் போய்விட்டது.

கிதார் செத்தது. மைக் செத்தது. பாட்டு பாதியில் நின்றது. சின்னசாமி குச்சிகளைத் தூக்கியபடி நிறுத்தினான்.

அது நிற்கவில்லை.

கதவு வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் அக்காவைப் பார்த்தான். மைக்கின் முன்னால் கண் மூடி, வாய் திறந்து நின்றாள். அவள் கழுத்து நரம்பு துடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு துடிப்பு. தங்கராஜின் கழுத்திலும் அதே துடிப்பு. முன்வரிசையில் பழனிசாமியின் வெள்ளைச் சட்டை, நெஞ்சுக்கு மேலே, அதே அடியில் எழும்பி எழும்பி அடங்கியது. அவருக்குப் பின்னால் இருந்தவருக்கும். அதற்குப் பின்னால் இருந்தவருக்கும். மூட்டத்துக்குள் கண்ணுக்கு எட்டியவரை.

அப்புறம் அந்த அடி நின்றது.

எல்லாச் சட்டைகளும் அடங்கின.

"அக்கா."

எட்டிக் கையை நீட்டி அவள் கழுத்தில் விரலை வைத்தான். தோல் சூடாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இருமல் இல்லை, மூச்சு இல்லை, அந்தப் பெரிய குடோனில் ஒரு துணி அசையும் சத்தம்கூட இல்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

வலது கையில் இருந்த குச்சியால் டிரம்மை ஒரு தடவை அடித்தான்.

விரலுக்குக் கீழே நரம்பு ஒரு தடவை துடித்தது.

அடித்தான். துடித்தது. அடித்தான். முன்வரிசைச் சட்டைகள் எழும்பின. அடித்தான். அருக்காணியைக் கூப்பிட்டான்; கத்தினான்; மூட்டம் சத்தத்தை வாங்கிக்கொண்டது. இடது விரல்களை அக்காவின் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. வலது கையை நிறுத்தவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. முகங்கள் போயின, வெள்ளைச் சட்டைகள் போயின. தோள் எரிந்தது. மணிக்கட்டு மரத்தது. வேர்வையில் குச்சி வழுக்கியது. பிடித்தான். அடித்தான். மறுபடி வழுக்கியது.

ஒரே ஒரு அடி பிந்திப்போயிற்று.

இருட்டில், முன்வரிசையில், சம்மணம் போட்டிருந்த ஒரு உடம்பு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து பலகையில் படுத்தது. அதன்மேல் இன்னொன்று சாய்ந்தது. அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.