மறுமுனை

தொலைபேசிக் கம்பி இல்லாமலே கணினியின் மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கியது.

தவறு அவளுடையதுதான். வெளியூர் போன கணவன் கூப்பிடுவான் என்று தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கி, போனில் மாட்டியிருந்தாள். காப்பீட்டுப் படிவங்களைத் தட்டச்சு செய்து முடித்ததும், அலுவலகத்துக்கு அனுப்பும் பொத்தானைக் கை பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டது. லைன் இல்லை என்று திரை சொல்லட்டும், நிறுத்திவிடலாம் என்றிருந்தாள்.

சொல்லவில்லை.

மழை பிடித்த மாலை; ஈரச் சுவரின் வாடை அறை முழுக்க ஏறியிருந்தது. மோடம் வழக்கம்போல் நீளமாகக் கீச்சிட்டுவிட்டு அடங்கியது. மறுமுனை மோடம் பதில் ஒலி கொடுத்தால்தான் இரண்டும் வேகம் ஒத்துப்போய் இணையும்.

பதில் வந்தது. உள்ளறையிலிருந்து.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வயது மகள் மோடத்தைப்போல் கத்திக் காட்டுவதில் கெட்டிக்காரி. "வீட்ல ரெண்டு மோடம். ஒண்ணயாவது அணைச்சு வைடி" என்பான் கணவன்.

"போதும்டி வாயாடி! தொண்ட புண்ணாயிடும்."

நிற்கவில்லை. தகரத்தில் சரளைக் கல் கொட்டுவதுபோல, மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லாமல், அது இரைந்துகொண்டே இருந்தது.

திரையில் எழுத்து மின்னியது: இணைந்தது. பெறுகிறது, பன்னிரண்டு விழுக்காடு.

ஓடினாள். கட்டில் விளிம்பில் மகள். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. கண் இமைக்கவில்லை.

"கண்ணு... அம்மாவப் பாரு."

பார்க்கவில்லை.

திரும்ப ஓடினாள். நாற்பது. மின்செருகியைப் பற்றினாள். இழுக்கப் போன கை நின்றது. பாதியில் அறுந்த கோப்பு எதற்கும் உதவாது. அதற்காக எத்தனை முறை வசவு வாங்கியிருக்கிறாள்! பாதிதான் வந்திருக்கிறது. இப்போது அறுத்தால், மகள்?

எழுபது. செருகியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

தொண்ணூறு.

நூறு.

அமைதி.

மோடத்தின் சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது.

"அம்மா... எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. லைட்டு போடும்மா."

திரையில் ஒரு கேள்வி: மூலப் பிரதியை அழிக்கவா?

இல்லை என்று அழுத்தினாள். கேள்வி மீண்டும் வந்தது. இல்லை. மீண்டும். இல்லை. இல்லை.

பின்னால் வெறுங்கால் நடை. நெருங்கியது. நின்றது.

அவள் முழங்கைக்குக் கீழாக, கிரேயான் கறை படிந்த பிஞ்சு விரல் ஒன்று நிதானமாக நீண்டது, 'ஆம்' விசையை நோக்கி.