அடுப்படிக்கு வந்த கண்ணாடி

விடிந்ததிலிருந்து செல்லக்கிளி காபியைத் தொடவில்லை. கொத்தனார் கருப்பு அவள் அறையின் தெருப்பக்கச் சன்னலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கண்ணாடிக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பப் போகிறார்கள். வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் முகம் தெரியாது.

"தெருவுல போறவுக கண்ணுல நான் படக்கூடாது... அதுதான மதினி?"

அண்ணன் மனைவி முத்துத்தாய் அவரைக்காயை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பின்சந்துச் சாக்கடை நாற்றத்துக்குப் பயந்து சன்னலை எப்போதும் அடைத்தே வைத்திருக்கும் அடுப்படி அது.

புருஷனை விட்டுக் கோச்சடைக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்த நாளிலிருந்து செல்லக்கிளியும் தன் சன்னலைத் திறந்ததில்லை. எதிரே பஸ் ஸ்டாப். நிற்பவர்கள் எட்டிப் பார்த்துக் குசுகுசுப்பார்கள். மங்கிய பல்பின் கீழ் அவள் தையல் மெஷினோடு குனிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் முத்துத்தாய்க்கு நெஞ்சு கனக்கும். விஷயத்தைச் சொன்னால் நாத்தனார் ஒப்பமாட்டாள். அதனால் கணவன் நல்லகாமனையும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள்.

மதியத்துக்குள் சுவர் ஏறிவிட்டது. மேலே ஒரு வரிசைக்கு மட்டும் கல் போதவில்லை.

"என்னைய மறைக்கிறதுக்குக்கூட ஒழுங்கா அளவெடுக்கலையா?" என்று செல்லக்கிளி சீறினாள்.

கருப்பு கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எடுத்தேன்த்தா. அடுப்படிச் சன்னலுக்குத்தான் எடுத்தேன். கல்லு வந்து எறங்குன பெறகு, இந்த ரூமுக்குக் கட்டுங்கன்னு ஒங்க மதினிதான் மாத்துனாக. இந்தச் சன்னல் பெருசுல்ல?"

செல்லக்கிளி மெல்ல அடுப்படி வாசலுக்கு வந்தாள். இருட்டில் விரல் தடவலிலேயே முத்துத்தாய் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுப்படிக்கு வெளிச்சம் வேணும்னு எம்புட்டு நாளா அண்ணன்கிட்டக் கேட்டீக மதினி... வந்த கல்லை எனக்கு ஏன் குடுத்தீக?"

"நான் இருட்டுல சமைச்சுப் பழகிட்டேன் தாயி. நீ இருட்டுல இருந்து பழகிறக் கூடாதுல்ல."

செல்லக்கிளி அப்படியே உட்கார்ந்து மதினியின் தோளில் முகம் புதைத்தாள். அழுது தீர்ந்ததும் எழுந்து, அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவருக்கடியில் போட்டாள்.

"இனிமே காய் நறுக்குறது, அரிசியில கல்லுப் பொறுக்குறது எல்லாம் இங்கனதான். வாங்க."

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றவர்கள் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தெரியவில்லை. மேலே விடுபட்ட வரிசை வழியாகத் தையல் மெஷினின் ஓட்டமும், இரண்டு பெண்களின் சிரிப்பும் மட்டும் கேட்டன.